அகப்படாதவள்

ரயில் இன்னும் எல்லையில் ஓடும் அம்னோக் ஆற்றுப் பாலத்தையே தொடவில்லையாம். ஸ்டேஷன் மாஸ்டர் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, தாமதத்துக்கு என்னவோ தானே பொறுப்பு என்பதுபோல் குழைந்து சொல்லிவிட்டுப் போனார். “பரவாயில்லை” என்றாள் சா யுன்சில். பரவாயில்லை என்ன பரவாயில்லை, கேட்டதும் அவளுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் கிடைத்தது. வராமலே போய்விட்டால் இன்னும் நல்லது என்று ஒரு நினைப்பு தலைநீட்டியது. சீ என்று அதன் மண்டையில் தட்டி உட்கார வைத்தாள். மாகாண மக்கள் குழுவில் சுகாதாரத் துறைக்குத் தலைவியாக இருப்பவள் நினைக்கிற நினைப்பா இது? மஞ்சூரியாவில் வருடக்கணக்காக அல்லாடிவிட்டு, ஜப்பான்காரன் தொலைந்தபிறகு சொந்த மண்ணுக்குத் திரும்பி வருகிற கொரிய நர்சுகள். அவர்களை வரவேற்கத்தான் இந்த ஷினுயிஜு ஸ்டேஷனில் காலையிலிருந்து கால் கடுக்க நிற்கிறாள். அந்த நர்சுகளில் ஒருத்தி மா போக்சுன். அதுதான் சங்கதி. முந்தாநாள் அக்கரையிலிருந்து டெலிபோன் வந்தது. கரகர சத்தத்துக்கு நடுவே யாரோ ஒரு ஆள் கத்தினான்: “மா போக்சுன்னு ஒருத்தங்க வர்றாங்க. சா யுன்சில் அங்கேதான் இருக்காங்களான்னு கேட்டாங்க. நேர்ல ஒரு விஷயம் சொல்லணுமாம்.” என்ன விஷயம் என்று கேட்பதற்குள் லைன் போய்விட்டது. அதிலிருந்து யுன்சிலுக்குச் சோறு இறங்கவில்லை. நேரில் சொல்ல வேண்டிய விஷயம். ஆள் விட்டுச் சொல்ல முடியாதது, முகத்துக்கு நேராக நின்று மட்டும் சொல்லக்கூடியது. அவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் அப்படி ஒரே ஒரு விஷயம்தான் உண்டு.

பிரச்சாரப் பிரிவு பாங் வந்து பக்கத்தில் நின்றார். இந்த மனிதர் சும்மா நின்றால் உடம்பு அரிக்கும். வரவேற்புத் துணியை இரண்டு முறை கட்டி அவிழ்த்தாயிற்று, கோஷம் போட வந்த பள்ளிக்கூடப் பெண்களை உயரப்படி நிறுத்தி, பிறகு அது நன்றாக இல்லை என்று கலைத்தாயிற்று. “தோழர் சா, அந்த ‘வாயைத் திறக்கல’ பேச்சு இருக்கே, அதை இன்னைக்குக் கட்டாயம் சொல்லிடுங்க. வர்றவங்க அழுதுடுவாங்க.” அழட்டும், நன்றாக அழட்டும். அந்தப் பேச்சு அவளுக்கு மனப்பாடம். என்னை அடித்தார்கள், தொங்கவிட்டார்கள், மூக்கில் மிளகாய்த் தண்ணீர் ஊற்றினார்கள், நான் வாயைத் திறக்கவில்லை. இந்த இடத்தில் நிறுத்த வேண்டும். கைதட்டல் வரும். முதல் தடவை அதை ஏன் சொன்னாள் என்று அவளுக்கே ஞாபகமில்லை. விடுதலை வந்த அந்த ஆகஸ்டில் எல்லோரும் எல்லோரையும் மேடைக்கு ஏற்றிக்கொண்டிருந்தார்கள், அவளையும் ஏற்றினார்கள், ஏறியவளின் வாயில் அது வந்துவிட்டது. வந்ததைத் திரும்ப விழுங்க முடியவில்லை. ஒவ்வொரு ஊரிலும் அதையே கேட்டார்கள். சொல்லச் சொல்ல அது உண்மை மாதிரியே பழகிவிட்டது, செருப்பு காலுக்குப் பழகுகிற மாதிரி. அந்த ஒரு வாக்கியத்தின் மேல்தான் அவள் இன்றைக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறாள். அடுத்த மாதம் பியோங்யாங்குக்கு, இன்னும் பெரிய நாற்காலிக்கு என்று பேச்சு அடிபடுகிறது. நாற்காலி போனால் போகட்டும். நாற்காலிக்காகவா அவள் பயப்படுகிறாள்? அதற்கும்தான், கொஞ்சம். பொய் சொல்வானேன். ஆனால் போக்சுன் வந்து எதிரே நின்று, “நீ காட்டிக் குடுத்தியே அக்கா” என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால்? அதற்கப்புறம் எந்த நாற்காலியில் உட்கார்ந்து என்ன, எந்தக் கட்டிலில் படுத்து என்ன. “பார்க்கலாம்” என்றாள் பாங்கிடம். பாங் அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு மைக்கைத் தேடிப் போனார்.

பனிக்காற்றில் எங்கிருந்தோ மிளகாய் நெடி வந்தது. வராமல் என்ன செய்யும், நவம்பர் மாதம். ஊரே குளிர்காலத்துக்குக் கிம்சி ஊறுகாய் போடுகிற மாதம். ஸ்டேஷனுக்கு வெளியே தெரு நீளத்துக்கு முட்டைக்கோசு மலைமலையாகக் குவிந்து கிடக்கிறது, ஒவ்வொரு வீட்டு வாசலிலும் பெண்கள் முழங்கை வரைக்கும் சிவந்த கையோடு குந்தியிருக்கிறார்கள். இந்த மாதம் வந்தாலே யுன்சில் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் தெருவில் நடப்பாள். அக்கம்பக்கத்தார் கூப்பிடுவார்கள், கூடமாட உட்கார்ந்து நாலு கோசுக்கு மசாலா தடவச் சொல்லி. வேலை இருக்கிறது என்று அவள் ஓடிவிடுவாள். அதிகாரி ஆனதும் கை அழுக்காகக் கூடாது பார் என்று முதுகுக்குப் பின்னால் பேசிக்கொள்கிறார்கள். பேசட்டும். மூக்கு வழியாக ஏறின மிளகாய் எங்கே போய் உட்காரும் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும். கண்ணுக்குப் பின்னால் போய் உட்காரும். ஜன்னல் இல்லாத அறை, ஈரப் பெஞ்சு, மீசைக்கார ஜப்பானிய அதிகாரி, அவன் கேட்பதை மொழிபெயர்த்துச் சொல்ல ஒரு கொரியக் கான்ஸ்டபிள். யார், யார், எங்கே, எந்த ஊர். கெட்டிலின் மூக்கு அவள் மூக்கை நெருங்கியது வரைக்கும் நன்றாக ஞாபகம் இருக்கிறது. புரையேறியது ஞாபகம் இருக்கிறது. நெஞ்சுக்குள் தீப்பிடித்தது, பெஞ்சின் கால் தரையில் தடதடவென்று அடித்தது. அதற்கப்புறம் ஒன்றுமில்லை. துணியை யாரோ கத்தரித்து எடுத்த மாதிரி ஒரு ஓட்டை. ஓட்டைக்கு அந்தப் பக்கம் அவள் தரையில் கிடக்கிறாள், கான்ஸ்டபிள் ஒரு கிண்ணத்தை அவள் முன்னால் வைக்கிறான். மாட்டு எலும்பு சூப், சுடச்சுட, சோறு போட்டது. “சாப்பிடு. உன் சிநேகிதியும் வந்து சேர்ந்துட்டா.” அவள் சாப்பிட்டாள். அதுதான் இன்றைக்கும் அறுக்கிறது. ஏன் சூப்? எதற்கு அந்தச் சூப்? இத்தனை நாள் எச்சில் தண்ணீர்கூடக் கொடுக்காதவன் அன்றைக்கு மட்டும் கறிச் சூப் ஏன் கொடுத்தான்? எதற்குக் கூலி அது? அதையும் அவள் ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் வழித்துத் தின்றாளே. கிண்ணத்தை நக்கவும் செய்தாள் என்று நினைக்கிறாள், நக்கவில்லை என்று நினைக்க ஆசைப்படுகிறாள்.

போக்சுன் ஒளிந்திருந்த ஊர் தோழர்களில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். அங்கேதான் எல்லா யோசனையும் போய் முட்டிக்கொண்டு நிற்கிறது. வைத்தியர் வீட்டுச் செல்லப் பெண், பள்ளிக்கூடச் சீருடையும் பின்னலுமாக இருந்தவளை விவசாயிகள் சங்க வேலைக்கு இழுத்துக்கொண்டு வந்தது யார்? யுன்சில். போலீஸ் தேட ஆரம்பித்ததும், பின்னலை அவிழ்த்துக் கொண்டை போட்டு, தெரிந்த கூலிக்காரர் ஒருவரின் பெண்சாதி என்று சொல்லி அந்த மலை ஊரில் கொண்டுபோய் விட்டது யார்? அதுவும் யுன்சில்தான். அந்தக் கூலிக்காரரைத் தவிர இது தெரிந்தவர் வேறு ஆள் கிடையாது. அப்படியானால் போலீசுக்கு யார் சொன்னது? காற்று சொன்னதா? வேறு வழியில் தெரிந்திருக்கலாம். கூலிக்காரர் குடித்துவிட்டு உளறியிருக்கலாம், அவர் குடிக்கமாட்டார் என்பதுதான் கஷ்டம். யாராவது பார்த்திருக்கலாம். லாம், லாம் என்று இத்தனை வருடம் அடுக்கிப் பார்த்தாகிவிட்டது, கடைசியில் அந்தக் கிண்ணம் வந்து எல்லாவற்றின் மேலும் உட்கார்ந்துகொள்ளும். சிறையிலிருந்து வெளியே வந்தபிறகு போக்சுனைத் தேடியிருக்கலாம். தேடவில்லை. மஞ்சூரியாவுக்குப் போய்விட்டாள் என்று கேள்விப்பட்டபோது ஒரு நிம்மதி வந்ததே, அந்த நிம்மதியை நினைத்தால் இப்போதும் கூசுகிறது. என்ன சொல்லப் போகிறாய் நீ அவளிடம்? எனக்கு நினைவில்லை என்றா? நினைவில்லை என்பதைவிடச் சௌகரியமான பதில் உலகத்தில் உண்டா? அந்த மீசைக்காரனைப் பிடித்து விசாரித்தால் அவனும் அதைத்தான் சொல்வான். காலில் விழுந்துவிடலாம். பள்ளிக்கூடப் பெண்கள் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பார்க்கட்டும். பாங் மயக்கம் போட்டு விழுவார். அவள் வாய் தன்னையறியாமல் கோணிக்கொண்டு சிரித்தது, அந்தச் சிரிப்பின் நடுவிலேயே தண்டவாளம் அதிர ஆரம்பித்தது.

புகை, கூச்சல், மூட்டைகள். பெண்கள் கோஷம் போட்டார்கள், பாங் கையை ஆட்டி ஆட்டி இன்னும் உரக்க என்றார். ஒவ்வொரு முகமாக யுன்சில் பார்த்தாள், பார்க்காத மாதிரியும் இருந்தாள். எதிரே வந்து நின்ற கனத்த உடம்புக்காரியை அவளுக்கு அடையாளமே தெரியவில்லை. முன்பல்லில் ஒன்று இல்லை. கன்னம் பனியில் வெடித்திருந்தது. அவள் பாவாடையைப் பிடித்துக்கொண்டு ஐந்தாறு வயதில் ஒரு பெண் குழந்தை. “அக்கா” என்றாள் வந்தவள். அந்தக் குரலில் மட்டும் பழைய பள்ளிக்கூடப் பெண் அப்படியே இருந்தாள். மூட்டையைக் கீழே போட்டுவிட்டு யுன்சிலைக் கட்டிக்கொண்டாள், கட்டிக்கொண்டு இறுக்கினாள், எலும்பு நொறுங்குகிற இறுக்கு. வெறுப்பவள் இப்படிக் கட்டிக்கொள்வாளா? கட்டிக்கொள்ளலாம், சொல்லப் போகிற வார்த்தைக்கு முன்னால் மன்னித்துவிட்டேன் என்று காட்டுவதற்காக. மன்னிப்பு வேண்டாமே, தாயே, அதற்கு அடித்தேவிடலாம். “இளைச்சிட்டியே அக்கா. அதிகாரியா ஆனா சதை போடும்னு சொல்வாங்க.” “நீ போட்டிருக்கியே, ரெண்டு பேருக்கும் சேர்த்து.” இது யார் பேசுகிறது, நானா, என்று யுன்சில் நினைத்தாள். குழந்தையின் அப்பா எங்கே என்று கேட்டாள். டைபாய்டு, போன வருடம், என்றாள் போக்சுன், உதட்டை ஒரு முறை அழுத்தி மூடித் திறந்துவிட்டு. இரண்டு பேரும் பிளாட்பாரத்து பெஞ்சில் உட்கார்ந்தார்கள். மற்ற நர்சுகள் தடுப்பூசிக்கு வரிசையில் நின்றார்கள், குழந்தை எஞ்சினை வேடிக்கை பார்க்க நகர்ந்தது. இப்போது சொல்லிவிடுவாள். இதோ, வாயைத் திறக்கிறாள்.

ஆனால் போக்சுன் எதிர்ப் பக்கம் பார்த்துக்கொண்டு கெக்கெக்கே என்று சிரித்தாள். அங்கே ஒரு கிராமத்துக்காரி தலையில் பெரிய பானையோடு போய்க்கொண்டிருந்தாள். பானைக்கு அடியில் வைக்கோல் சும்மாடு, அதிலிருந்து தொங்கிய கயிற்றின் நுனி அவள் பல்லுக்கு நடுவில். “பாரு அக்கா, அந்தக் கயிறு. அந்தப் பாழாப்போன கயிறுதான் என்னைப் பிடிச்சுக் குடுத்துச்சு.” யுன்சிலுக்குப் புரியவில்லை. எது பிடித்துக் கொடுத்தது? “கயிறுதான். தண்ணி எடுக்கக் கிணத்துக்குப் போனேன். குடத்தைத் தூக்கித் தலையில வச்சேன், ஒரு சொட்டு சிந்தல, எனக்கே பெருமை தாங்கல. கிணத்தடியில ஒரு கொரியக் கான்ஸ்டபிள் சைக்கிளை நிறுத்திட்டு மூஞ்சி கழுவிட்டு இருந்தான். என்னையே பார்த்தான். ஏம்மா, சும்மாட்டுக் கயிறு நெத்தியில ஊசலாடுது, பல்லால கடிச்சுக்கத் தெரியாதா, நீ எந்த ஊரு மருமக அப்படின்னான். எனக்கு அப்படி ஒரு வழக்கம் இருக்குன்னே தெரியாதே! எங்க வீட்டுல தண்ணி சுமந்தது வேலைக்காரி. ரெண்டு கையும் குடத்துல இருக்கும்போது சும்மாடு நழுவாம இருக்க வாயால பிடிச்சுக்குவாங்களாம். நான் முழிச்ச முழியிலேயே அவனுக்கு எல்லாம் தெரிஞ்சு போச்சு. ஆமா, எனக்குக் குடம் தூக்கச் சொல்லிக் குடுத்த மகராசி யாரு?” யுன்சில்தான். ஆற்றங்கரையில் நிற்க வைத்து, நடக்க, குந்த, குடம் ஏற்ற, மூக்கைப் பாவாடையில் துடைக்க என்று எல்லாம் சொல்லிக் கொடுத்தவள், கயிற்றைச் சொல்லவில்லை. சொல்லத் தோன்றவே இல்லை. ஐந்து வயதிலிருந்து அவள் பல் அந்தக் கயிற்றைக் கடித்துக்கொண்டிருந்தது, கடிக்கிறோம் என்பதே அவளுக்குத் தெரியாது. மூச்சு விடு என்று யாராவது சொல்லிக் கொடுப்பார்களா?

“என்னைக்கு?” என்றாள். “என்னைக்குன்னா?” “உன்னைப் பிடிச்சது என்னைக்கு?” போக்சுன் யோசிக்கக்கூட இல்லை. “உன்னை அந்த மிளகாய்த் தண்ணி ரூமுக்குள்ள இழுத்துக்கிட்டுப் போனானுங்களே, அதுக்கு முந்தின நாள். நான் பக்கத்து ரூம்லதான் கெடந்தேன். நடுவுல பலகைச் சுவரு, எல்லாம் கேட்டுச்சு.” முந்தின நாள். முந்தின நாளே அவள் அங்கே இருந்திருக்கிறாள். பிடிபட்டபிறகுதான் கெட்டில் வந்தது, தீ வந்தது, ஓட்டை வந்தது. ஓட்டைக்குள் யுன்சில் எதைக் கொட்டியிருந்தாலும், ஊரையே ஒப்பித்திருந்தாலும், அதனால் போக்சுனுக்கு ஒன்றும் ஆகியிருக்க முடியாது. “சூப்” என்று ஆரம்பித்தாள். “எந்தச் சூப்? ஓ, அதுவா. எனக்கும்தான் குடுத்தானுங்க. மறுநாள் மேலதிகாரி யாரோ பார்வையிட வர்றான்னு, அதுக்குள்ள செத்துக்கித்துத் தொலையக் கூடாதுன்னு எல்லாருக்கும் ஊத்தினானுங்க. ருசியா இருந்துச்சு, இல்ல?” ருசியாக இருந்தது. கடவுளே, எவ்வளவு ருசியாக இருந்தது. இத்தனை வருடம் கழித்து அந்தச் சூப்பின் ருசி இப்போதுதான் நாக்குக்கு வந்து சேர்ந்தது, எலும்பின் கொழுப்பும் வெங்காயத் தாளும் உப்புமாக. ஒரு கயிறு. ஒரு முழம்கூட இல்லாத வைக்கோல் கயிறு. அதுவும் தன் தப்புதானே என்று மனசு பழக்கதோஷத்தில் ஒரு சுற்று சுற்றிப் பார்த்தது, சொல்லித் தராதது நீதானே என்று. சரி, நான்தான். இந்தத் தப்பை நான் சுமக்கிறேன், சந்தோஷமாகச் சுமக்கிறேன், இது எவ்வளவு சின்னது, எவ்வளவு லேசானது. அவளுக்குச் சிரிப்பு வந்தது. அழுகையும் வந்தது. மிளகாய் நெடியை மூக்கு நிறைய இழுத்தாள். கமறியது, கண்ணில் நீர் முட்டியது, ஊரில் எல்லாருக்கும் முட்டுகிற மாதிரிதான்.

“ஓக்புன்! ஏய் ஓக்புன்!”

“ஆங், இதோ வந்துட்டேன்!” என்று யுன்சில் பெஞ்சிலிருந்து பாதி எழுந்துவிட்டாள். எழுந்தபிறகுதான் தெரிந்தது, போக்சுன் தண்டவாளத்தின் ஓரத்துக்குப் போய்விட்ட குழந்தையைக் கூப்பிடுகிறாள் என்று. பாங் திரும்பிப் பார்த்தார். யுன்சில் பாவாடையைத் தட்டிவிட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். அந்தப் பெயரைக் காதால் கேட்டு இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. குத்தகைக்காரரின் நாலாவது பெண் ஓக்புன், கொஞ்சம் தினைக்காக சின்ன வயதிலேயே இன்னொரு வீட்டுக்கு மருமகளாகத் தள்ளிவிடப்பட்டவள். ஒருநாள் விடிவதற்குள் அங்கிருந்து ஓடிப்போய், பட்டணத்துத் தொழிலாளர் பள்ளியில் பெயர் கேட்டபோது, வாய்க்கு வந்த ஒரு நல்ல பெயரைச் சொன்னாள். சா யுன்சில். அன்றோடு ஓக்புன் முடிந்துபோனாள். தோழர்களிடம் சொன்னதில்லை, நீதிமன்றத்தில் சொன்னதில்லை, தனியாக இருக்கும்போது தனக்குத் தானே கூடச் சொல்லிக்கொண்டதில்லை. இந்தக் குழந்தைக்கு எப்படி அந்தப் பெயர்? எத்தனையோ ஓக்புன்கள் நாட்டில், இருக்கட்டுமே.

போக்சுன் ஓடிப்போய்க் குழந்தையை இழுத்துக்கொண்டு வந்து மடியில் அமுக்கினாள். “இதைத்தான் அக்கா நேர்ல சொல்லணும்னு இருந்தேன். கோவிச்சுக்காதே. உன்னைக் கேட்காமலே எடுத்துக்கிட்டேன்.” “எதை?” “இவ பேரை. அன்னைக்கு நீ ஒரே ஒரு பேரைத்தான் சொன்னே. யாரு, யாருன்னு அவனுங்க கேட்கக் கேட்க, ஓக்புன், ஓக்புன், ஓக்புன்னு. வேற ஒரு வார்த்தை உன் வாயிலேர்ந்து வரல. உடனே யார்ரா அந்த ஓக்புன்னு கிளம்பிட்டானுங்க. மாவட்டம் பூரா சல்லடை போட்டுச் சலிச்சானுங்க. என்னையும் கேட்டுக் கேட்டு உதைச்சானுங்க. எனக்குத் தெரிஞ்சாத்தானே சொல்ல. நம்ம ஆளுங்க எல்லாரையும் பிடிச்சானுங்க, அவளை மட்டும் கடைசி வரைக்கும் பிடிக்க முடியல. ஜெயில்ல அதை நெனச்சு நெனச்சுத்தான் எனக்கு நாள் ஓடுச்சு. ஒருத்தியாவது அகப்படாம எங்கேயோ நடமாடிக்கிட்டு இருக்காளேன்னு. இவ பொறந்ததும் வேற பேரே தோணல.” மூச்சு வாங்கிக்கொண்டு யுன்சிலின் முகத்தை நெருங்கிப் பார்த்தாள். “யாருக்கா அவ? பொழைச்சுக் கெடக்காளா? எங்கே இருக்கா இப்போ?”

அந்தப் பக்கம் பாங் மைக்கைத் தட்டிக்கொண்டிருந்தார், தோழர் சா, தோழர் சா என்று கையைக் காட்டினார். பேச வேண்டும், வாயைத் திறக்கவில்லை என்று சொல்ல வேண்டும். திறந்திருக்கிறாள். திறந்து, இருந்த ஒரே ஒருத்தியைக் காட்டிக் கொடுத்திருக்கிறாள், அவர்களும் அவளைக் காலடியில் போட்டுக்கொண்டே ஊர் ஊராகத் தேடியிருக்கிறார்கள். குழந்தை மடியிலிருந்து அவளை அண்ணாந்து பார்த்தது. இருக்கட்டும், பாங் தட்டிக்கொண்டே இருக்கட்டும்.

“நான்தான்டி அது” என்றாள் யுன்சில்.

போக்சுன் முஷ்டியை மடக்கி அவள் தோளில் ஓங்கி ஒரு குத்து விட்டாள்.

“அடிப்பாவி அக்கா! உனக்காகவா நான் அத்தனை உதை வாங்கினேன்!”